பழைய பட்ஜெட் கம்ப்யூட்டர்: ஓவர்கிளாக் செய்வதா, பிராசசரை மாற்றுவதா?

குறைந்த விலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்ததைக் கடைக்காரர் துடைத்து விற்றதாக இருக்கலாம். உறவினர் வீட்டில் சும்மா கிடந்து உங்களிடம் வந்ததாகவும் இருக்கலாம். முதல் வாரம் சந்தோஷமாகப் போகும். இரண்டாவது வாரத்தில் "இது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?" என்ற கேள்வி வந்துவிடும். நாலு பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "ஓவர்கிளாக் பண்ணிடுங்க, காசு செலவில்லாமல் வேகம் வரும்" என்பார் ஒருவர். "பிராசசரையே தூக்கிட்டு வேற போடுங்க" என்பார் இன்னொருவர்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வருகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பட்ஜெட் கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் செய்ய வேண்டாம். பிராசசரை மாற்றலாம். ஆனால் அது முதல் செலவாக இருக்கக்கூடாது, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தவும் பொருந்தாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

பிராசசர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. அந்தத் தாளம்தான் கிளாக். மதர்போர்டு ஓர் அடிப்படைத் தாளத்தைத் தரும். பிராசசர் அதைத் தனக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ளும். இந்த எண்ணுக்கு மல்டிபிளையர் என்று பெயர். இன்டெல் கோர் ஐ3-2100 பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தாளம் 100 மெகா ஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 31. இரண்டையும் பெருக்கினால் 3100 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 3.1 கிகா ஹெர்ட்ஸ்.

இந்த இரண்டு எண்களில் ஏதாவது ஒன்றைக் கம்பெனி நிர்ணயித்த அளவுக்கு மேல் ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். பயாஸ் செட்டிங்கில் போய் எண்ணை மாற்றுவார்கள். வேகம் கூடியதும் பிராசசர் தடுமாறினால் அதற்குத் தரும் வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்றுவார்கள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் அது லாபம்தான்

ஓவர்கிளாக்கைப் புகழ்பவர்கள் கதை விடவில்லை. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ மலிவு விலை பிராசசர். அதன் மல்டிபிளையர் 4.5. மதர்போர்டின் தாளத்தை 66-ல் இருந்து 100 மெகா ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகா ஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடும். அப்போது விலை உயர்ந்த பென்டியம் 2 பிராசசரின் வேகமே 450 மெகா ஹெர்ட்ஸ்தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏஎம்டியின் டுரான், அத்லான் பிராசசர்களின் மேல் இருந்த சிறு புள்ளிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்து மல்டிபிளையர் பூட்டைத் திறந்தார்கள். 2007-ல் வந்த பென்டியம் டுயல் கோர் இ2160-ம் இப்படித்தான் பெயர் வாங்கியது. 1.8 கிகா ஹெர்ட்ஸ் என்று விற்றதை 2.4-க்குக் கொண்டு போவது அன்றைக்குப் பெரிய வித்தையே அல்ல.

அப்போது அது ஏன் நடந்தது? ஒரே மாதிரி தயாரான சிப்களில் சிலவற்றைக் கம்பெனிகள் குறைந்த வேகம் என்று முத்திரை குத்தி மலிவாக விற்றன. உள்ளே திறமை மிச்சம் இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் அதை வெளியே எடுத்தார்கள். அதில் தப்பில்லை.

இன்று உங்கள் போர்டில் அது நடக்குமா?

இங்கேதான் நிலைமை மாறியிருக்கிறது. 2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை கோர் பிராசசர்களில் அடிப்படைத் தாளம் தனியாக இல்லை. ஹார்ட் டிஸ்க் இணையும் சாட்டா, யு.எஸ்.பி., கிராபிக்ஸ் கார்டு போகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே 100 மெகா ஹெர்ட்ஸ் தாளத்தோடு கட்டப்பட்டுவிட்டன. ஒன்றை இழுத்தால் எல்லாம் கூடவே வரும். 100-ஐ 105 ஆக்கினாலே பல போர்டுகள் தகராறு செய்ய ஆரம்பிக்கும். ஐந்து சதவீதம் ஏற்றினால் 2.6 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் ஜி620 எவ்வளவு ஆகும்? 2.73. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

மல்டிபிளையரை ஏற்றலாமே என்பீர்கள். அதற்குப் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து உள்ள பிராசசர் வேண்டும். கூடவே பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். இந்த இரண்டும் பட்ஜெட் கம்ப்யூட்டரில் இருக்காது. அதில் இருப்பது பெரும்பாலும் எச்61. பிராண்டட் கம்ப்யூட்டராக இருந்தால் பயாஸில் அந்தச் செட்டிங்கே கண்ணில் படாது.

ஏஎம்டி பக்கம் பாருங்கள். 2017-ல் வந்த ரைசன் பிராசசர்களின் மல்டிபிளையருக்குப் பூட்டு இல்லை. ஆனால் மலிவு விலை ஏ320 சிப்செட் போர்டுகள் ஓவர்கிளாக்கை அனுமதிக்காது. பி350 போர்டு இருந்தால்தான் முடியும். வண்டிக்குச் சாவி இருக்கிறது, கதவுக்கு இல்லை என்பது போல.

இன்னொன்றும் உண்டு. அன்று நாம் கையால் செய்ததை இன்று பிராசசரே செய்துகொள்கிறது. இன்டெல் இதற்கு டர்போ பூஸ்ட் என்றும், ஏஎம்டி பிரிசிஷன் பூஸ்ட் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை பிராசசர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ஆகவே நமக்கு மிச்சம் வைத்திருப்பது கொஞ்சம்தான்.

இலவச வேகம் உண்மையிலேயே இலவசமா?

சரி, உங்கள் போர்டு அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம். பிராசசர் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் ஏற்றினால் 1.2 x 1.1 x 1.1 = 1.45. அதாவது 20 சதவீத வேகத்துக்காக ஏறக்குறைய 45 சதவீதம் கூடுதல் மின்சாரம். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

இந்தச் சூட்டை யார் தாங்குவது? பட்ஜெட் கம்ப்யூட்டரோடு வந்த சின்ன கூலரும், கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும்தான். சித்திரை வைகாசியில் நம் வீட்டு அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். கூலர் எவ்வளவு நல்லதானாலும் அறைச் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் கொண்டு போக முடியாது. ஏ.சி. அறையில் செய்து பார்த்தவர் சொல்லும் எண்கள் நம் ஹாலில் செல்லாது. அதனால் நல்ல கூலர், நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்று வாங்கப் போவீர்கள். பழைய பிராசசரின் விலையைவிட இவற்றின் விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எல்லை மீறி ஓடும் பிராசசர் எப்போதும் நீலத் திரை காட்டி நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். நின்றால் நல்லது, தெரிந்துவிடும். சில நேரம் நிற்காமலே கணக்கைத் தப்பாகப் போடும். ஒரு பைலைச் சேமிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறிப் பதிவாகலாம். குழந்தையின் பிறந்தநாள் போட்டோவோ, கடைக் கணக்கு எக்ஸெல் பைலோ திறக்காமல் போவது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் பேக்கப்பிலும் அந்தக் கெட்ட பைலே போய் உட்கார்ந்திருக்கும். விளையாட்டுக்காகத் தனியாக ஒரு மெஷின் வைத்திருப்பவர் இந்த ரிஸ்க்கை எடுக்கலாம். வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் எடுக்கக்கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

என் அலுவலகத்தில் மெதுவாக ஓடும் புரோகிராமை வேகப்படுத்துவதும் ஒரு வேலை. அதில் ஒரு விதி உண்டு. நேரம் எங்கே போகிறது என்று அளக்காமல் எதிலும் கை வைக்கக்கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான்.

அளப்பது சுலபம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பாமன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கும் அந்த நேரத்தில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் குற்றவாளி.

என் சித்தி மகள் பி.காம். படித்தபோது, 2023-ல், ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். எச்61 போர்டு, பென்டியம் ஜி620, 4 கிகா பைட் ராம், 500 கிகா பைட் ஹார்ட் டிஸ்க். "அண்ணா, கிளாக் ஸ்பீடை ஏத்திட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, ஏத்திடலாமா?" என்று போனில் கேட்டாள். டாஸ்க் மேனேஜரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். டிஸ்க் 100-ல் நின்றது. பிராசசர் பாதிகூட வேலை செய்யவில்லை. பாவம், அது ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி? 7200 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க் ஒரு செகண்டுக்கு 120 முறை சுற்றும். தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்ட். ஹெட் நகர இன்னும் 8, 9 மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரு செகண்டுக்கு 80 முறைக்குள்தான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு பைல்களைக் கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு இல்லை. அது ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போடுங்கள். கம்ப்யூட்டர் தொடங்க 60 செகண்ட் ஆகிறது. அதில் 45 செகண்ட் டிஸ்க், 15 செகண்ட் பிராசசர் என்று வைத்துக்கொள்வோம். பிராசசரை 20 சதவீதம் ஓவர்கிளாக் செய்தால் 15 செகண்ட் 12.5 ஆகும். மொத்தம் 57.5. சூடு, சத்தம், ரிஸ்க் எல்லாவற்றுக்கும் கிடைத்த கூலி இரண்டரை செகண்ட். எஸ்.எஸ்.டி. போட்டு டிஸ்க் நேரம் 45-ல் இருந்து 5 ஆனால் மொத்தம் 20 செகண்ட்தான்.

எச்61 போர்டில் சாட்டாவின் வேகம் 3 கிகா பிட்தான், புதிய போர்டுகளில் பாதி. அதனால் எஸ்.எஸ்.டி. வீண் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த வேகத்திலும் ஹார்ட் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் படிக்கும். சிறு பைல்களில் கிடைக்கும் லாபம் இதையெல்லாம் தாண்டியது.

தங்கைக்கு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 கிகா பைட் ராமும் போட்டோம். கூலரில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டை எடுத்துப் புதிதாகத் தடவினோம். தூசி அடைத்த பிராசசர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதுதான் உண்மையிலேயே இலவசமான வேகம். நிறையப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

பிராசசரை மாற்றுவது எப்போது சரி?

தங்கைக்கு முடியவில்லை. சில மாதம் கழித்து ஆன்லைன் வகுப்பு வீடியோவையும் எக்ஸெல்லையும் சேர்த்துத் திறந்தால் இழுக்கிறது என்றாள். இந்தத் தடவை டிஸ்க் சும்மா இருந்தது, சி.பி.யு.தான் 100-ல் நின்றது. இப்போதுதான் பிராசசரைப் பற்றிப் பேச வேண்டும். ஜி620-க்கு இரண்டு கோர். அதே சாக்கெட்டில் உட்காரும் கோர் ஐ5-2400-க்கு நான்கு கோர், 3.1 கிகா ஹெர்ட்ஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டினோம். இரண்டு கோரை எவ்வளவு ஓவர்கிளாக் செய்தாலும் அது நான்கு கோர் ஆகாது. ஓவர்கிளாக் சில சதவீதம் தரும், பிராசசர் மாற்றம் ஒரு படி மேலே ஏற்றிவிடும்.

இதைவிட நல்ல உதாரணம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் ரைசன் 3 1200 பிராசசரோடு வாங்கிய ஏ320 போர்டு இருக்கிறதா? 2022-ல் இருந்து இப்படிப்பட்ட பழைய போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசைக்கான பயாஸ் அப்டேட்டுகள் வந்தன. உங்கள் போர்டுக்கும் வந்திருந்தால் அதே போர்டில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் உள்ள ரைசன் 5 5600 உட்காரும். ரைசன் 3 1200 விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாப்ட் பட்டியலில் இல்லை. 5600 இருக்கிறது. ஓவர்கிளாக் செய்து 1200-ஐ எவ்வளவு விரட்டினாலும் அந்தப் பட்டியலுக்குள் போக முடியாது. ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளே கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு இல்லாதவர்கள் 5600ஜி போல 'ஜி' என்று முடிவதைத் தேட வேண்டும்.

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

1. சி.பி.யு.-இசட் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு, மதர்போர்டின் சரியான மாடலையும் பயாஸ் வெர்ஷனையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. போர்டு கம்பெனியின் வெப்சைட்டில் சி.பி.யு. சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் பிராசசர் அதில் இல்லை என்றால் வாங்காதீர்கள். சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. எச்61 போர்டில் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 போட வேண்டும் என்றால் பல போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் தேவை.

3. பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம். யு.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

4. வாட்ஸ் கணக்கைப் பாருங்கள். ஜி620 65 வாட்ஸ், ஐ5-2400 95 வாட்ஸ், ஐ5-3470 77 வாட்ஸ். 65 வாட்ஸுக்கான சின்ன கூலரை 95 வாட்ஸ் பிராசசருக்கு வைக்கக்கூடாது. கூலரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

5. ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், கடையிலேயே போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

6. இந்த இன்டெல் சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கும், ஏஎம்4-ல் பிராசசரில் இருக்கும். இரண்டுமே வளைந்தால் நஷ்டம்தான். ஏஎம்4 கூலரை அப்படியே மேலே இழுத்தால் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றும் முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றி, ஆப் செய்து பிளக்கைப் பிடுங்கி, கூலரை மெதுவாகத் திருகி எடுங்கள்.

எதுவரை செலவு செய்யலாம்?

இந்தக் கேள்விதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும். எச்61 போர்டில் நீங்கள் போடக்கூடிய பிராசசர் எதுவும் இந்த எல்லையைத் தொடாது. அதிலேயே பெரிய பிராசசரான ஐ7-3770-ஐ வாங்கிப் போட்டாலும் விண்டோஸ் 11 அதை ஏற்கப் போவதில்லை.

அதற்காக அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டுமா? தேவையில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் பிரவுசர், வீடியோ, கடிதம் எழுதுவது எல்லாம் நடக்கும். தங்கை வேலைக்குப் போய் வேறு லேப்டாப் வாங்கிவிட்டாள். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மின்ட் போட்டுச் சித்தி தினமும் யூடியூப் பார்க்கிறார். ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும் சாப்ட்வேர் உங்களுக்குக் கட்டாயம் என்றால், எச்61 கம்ப்யூட்டரின் பிராசசருக்கு இனி பணம் போட வேண்டாம் என்பதே என் யோசனை. எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் அதைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். பழைய பிராசசரையும் அதன் ராமையும் அப்படிக் கொண்டு போக முடியாது.

எனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் மொத்தச் செலவு, விண்டோஸ் 11 ஓடக்கூடிய ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரின் விலையில் பாதியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

ஓவர்கிளாக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறதா? தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று புரிய அது நல்ல பாடம். அதற்கென்று முக்கியமான பைல் எதுவும் இல்லாத தனி மெஷின் ஒன்று இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் நம்பியிருக்கும் ஒரே கம்ப்யூட்டரை அதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

இன்று மாலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் டாஸ்க் மேனேஜரை ஒரு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். எது 100-ல் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். அப்போது எதை விற்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யமாட்டார், எதை வாங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்வீர்கள்.